12-ஆ, 13-ஆ, 14-ஆ? அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் எடைப் பிரிவுகளைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்துக்கு விதி எழுதும் தேசியக் கூட்டமைப்பு என்எஃப்எச்எஸ், 2023-24 பருவத்திலிருந்து ஒரு பொறுப்பை மாநிலங்களின் தலையில் வைத்துவிட்டது. அதுவரை ஆண்களுக்கு 14 எடைப் பிரிவு என்ற ஒரே அட்டவணைதான் தேசிய விதியில் இருந்தது. இப்போது 12, 13, 14 என்று மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. எது தோதுப்படுமோ அதை அந்தந்த மாநிலச் சங்கம் எடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து பயிற்சியாளர் கூட்டங்களில் இதுதான் பேச்சு. "பாதிப் பிரிவு காலியாகக் கிடக்கிறது, குறையுங்கள்" என்கிறது ஒரு தரப்பு. "குறைத்தால் பையன்களின் இடம் போகும்" என்கிறது இன்னொரு தரப்பு.

இரண்டு தரப்புமே எண்ணிக்கையைத்தான் பார்க்கின்றன. எந்த எடையில் பிரிவு காணாமல் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. முதலில் அட்டவணையை வைத்துக்கொள்வோம். அளவெல்லாம் பவுண்டில்; 106 பவுண்டு என்றால் சுமார் 48 கிலோ, 285 என்றால் 129 கிலோ.

| பகுதி | 14 பிரிவு | 13 பிரிவு | 12 பிரிவு |
|---|---|---|---|
| இலகு | 106, 113, 120, 126, 132, 138 | 107, 114, 121, 127, 133, 139 | 108, 116, 124, 131, 138 |
| நடு | 144, 150, 157 | 145, 152, 160 | 145, 152, 160 |
| நடுவுக்கு மேல் | 165, 175, 190 | 172, 189 | 170, 190 |
| கனம் | 215, 285 | 215, 285 | 215, 285 |

14-லிருந்து 13-க்கு இறங்கினால் பறிபோவது 160-க்கும் 190-க்கும் இடையில் ஓர் இடம். 13-லிருந்து 12-க்கு இறங்கினால் பறிபோவது 140-க்குக் கீழே ஓர் இடம். இரண்டு முறையும் அடிபடுவது வேறு வேறு பையன்கள். கனப் பகுதியில் எதுவும் மாறுவதில்லை. 215-க்கும் 285-க்கும் நடுவே உள்ள 70 பவுண்டுப் பள்ளம் மூன்றிலும் அப்படியே கிடக்கிறது. மாநிலச் சங்கத்தில் எந்த அட்டவணைக்கு வாக்கு விழுகிறது என்று 218 பவுண்டு பையனின் அப்பா கவலைப்பட ஒன்றுமே இல்லை; முன்பு 220 என்ற பிரிவு இருந்தபோது அவருக்குக் கவலை இல்லாமல் இருந்தது, இப்போது எதைத் தேர்ந்தெடுத்தாலும் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

உண்மையில் நடக்கும் ஆட்டங்கள். இரு பள்ளிகள் நேருக்கு நேர் மோதும் டூயல் மீட்டில் ஒரு பிரிவுக்கு ஒரு பையன். உங்களிடம் ஆள் இல்லையென்றால் எதிரணிக்கு ஃபோர்ஃபிட் வெற்றி, 6 புள்ளி. எதிராளியின் முதுகை மண்ணில் ஒட்டவைத்து வெல்வதற்கும் அதே 6 புள்ளிதான். சாதாரண வெற்றிக்கு 3 என்பதால், ஒரு காலி இடத்தை ஈடுகட்ட இரண்டு பையன்கள் ஜெயித்தாக வேண்டும். இரு அணியிலும் ஆள் இல்லையென்றால் யாருக்கும் புள்ளி இல்லை.

இடைவெளி. பவுண்டைவிட விழுக்காடு முக்கியம். 106-லிருந்து 113 என்பது 6.6%. 12 பிரிவில் 108-லிருந்து 116 என்பது 7.4%, 170-லிருந்து 190 என்பது 11.8%. இடைவெளி அகலமானால் நடுவில் மாட்டிக்கொள்ளும் பையன் எடையைக் குறைக்க ஆசைப்படுவான், அல்லது தன்னைவிட 15 பவுண்டு கூடியவனோடு மோதுவான்.

பக்கத்து மாநிலம். எல்லையைத் தாண்டிப் போட்டிக்குப் போகும் அணிகளுக்கு இது பெரிய விஷயம். மற்றவர்கள் இந்த அளவுகோலை விட்டுவிடலாம்.

மாநிலப் போட்டியில் இடம். பிரிவுக்கு 16 பேர் இறங்கும் போட்டியில் ஒரு பிரிவை எடுத்தால் 16 பையன்களின் இடம் போகும்.

நேரமும் செலவும் கடைசியில் வரட்டும். கூட்டங்களில் அதிகம் பேசப்படுவது அதுதான், ஆனால் அதில் சரக்கு குறைவு.

## ஓர் அணியைத் தராசில் ஏற்றிப் பார்த்தால்

11 பையன்கள் உள்ள நடுத்தர அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகச் செய்ததுதான், ஆனால் இப்படிப்பட்ட அணி எந்த மாவட்டத்திலும் இருக்கும். அன்றைய எடைகள்: 104, 118, 123, 130, 136, 137, 149, 158, 168, 205, 240. விதி ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு பையன் தன் எடைக்குரிய பிரிவில் இறங்கலாம், அல்லது அதற்கு மேலே ஒரே ஒரு படி ஏறலாம். அதற்கு மேல் அனுமதி இல்லை.

14 பிரிவில்: 104 பையன் 106-ல், 118 பையன் 120-ல், 123 பையன் 126-ல், 130 பையன் 132-ல், 136 பையன் 138-ல். 137 பையன் ஒரு படி ஏறி 144-ல். 149 பையன் 150-ல், 158 பையன் 165-ல், 168 பையன் 175-ல், 205 பையன் 215-ல், 240 பையன் 285-ல். பதினொருவருக்கும் ஆட்டம் உண்டு. 113, 157, 190 மூன்றும் காலி. எதிரணி நிறைந்த அணி என்றால் 18 புள்ளி தானம்.

13 பிரிவில்: 158 பையனுக்கு 160 கச்சிதமாகப் பொருந்துகிறது, 168 பையன் 172-ல் நிற்கிறான். 137 பையன் 145-க்கு ஏறுகிறான். பதினொருவரும் களத்தில். காலி 114-ம் 189-ம் மட்டும்; தானம் 12 புள்ளி.

12 பிரிவில்: இங்கேதான் சிக்கல். 118, 123, 130, 136, 137 என்று ஐந்து பையன்கள். அவர்கள் எட்டக்கூடிய பிரிவுகள் 124, 131, 138, 145 என்று நான்கு. எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும் ஒருவன் பெஞ்சில் உட்கார வேண்டும். 116 காலி, அதற்கு ஏறக்கூடியவன் 104 பையன் ஒருவன்தான். அவனை அங்கே தள்ளினால் 108 காலி. மேலே 190 காலி. ஆக, காலி இடம் 13 பிரிவில் இருந்த அதே இரண்டு, தானம் அதே 12 புள்ளி. கூடவே ஒரு பையனுக்கு ஆட்டமும் போனது.

பிரிவைக் குறைத்தால் ஃபோர்ஃபிட் குறையும் என்பது பாதி உண்மை. பையன்கள் இல்லாத இடத்தில் குறைத்தால் குறையும். அவர்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் குறைத்தால் பெஞ்ச்தான் நிறையும். மேலே உள்ள அணிக்கு 14-லிருந்து 13 என்பது லாபம், 13-லிருந்து 12 என்பது சுத்த நஷ்டம்.

## 14 பிரிவு

அயோவா, ஒஹையோ, இல்லினாய், நியூஜெர்சி போன்ற மல்யுத்த மாநிலங்கள் இதில்தான் இருக்கின்றன. பழக்கம் மட்டும் காரணம் இல்லை. பெரிய பள்ளிகளில் 30, 40 பையன்கள் அறையில் பயிற்சி எடுக்கும்போது பிரிவு குறைந்தால், நேற்று வரை முதல் அணியில் இருந்தவன் இன்று இரண்டாம் அணிக்குப் போவான்.

முன்பிருந்த 14-ம் இப்போதைய 14-ம் ஒன்றில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2011-12-ல் அட்டவணை மேல்நோக்கி நகர்த்தப்பட்டது: 103 என்பது 106 ஆனது, 125, 130, 135, 140, 145 என்று ஐந்து ஐந்தாக இருந்த நடுப்பகுதி 126, 132, 138, 145 என்று ஒரு பிரிவை இழந்தது, மேலே 171, 189, 215 இருந்த இடத்தில் 170, 182, 195, 220 வந்தன. நடுவில் நெரிசல், மேலே காலி என்ற புகார் அப்போதே கிளம்பிவிட்டது. 2023-ன் 14 அட்டவணையில் முதல் ஆறு பிரிவு தொடப்படவில்லை; 145-லிருந்து 220 வரை இருந்த ஏழும் ஒன்று முதல் ஏழு பவுண்டு வரை கீழே இறங்கின. கல்லூரிக்குப் போக நினைக்கும் பையனுக்கு இதில் ஒரு சௌகரியம்: கல்லூரி மல்யுத்தத்தின் பத்துப் பிரிவுகளில் 157, 165, 285 மூன்றும் இதில் அப்படியே இருக்கின்றன, 174-க்குப் பக்கத்தில் 175 இருக்கிறது.

மறைமுகச் செலவு சிறிய பள்ளிகளின் தலையில் விழுகிறது. எட்டுப் பையன்கள் உள்ள அணி நிறைந்த அணியோடு மோதினால், விசில் ஊதுவதற்கு முன்பே 36 புள்ளி பின்னால் நிற்கிறது. இதைச் சரிசெய்ய 12-க்கு இறங்கினாலும் 24 புள்ளி பின்னால்தான். அத்தகைய பள்ளிக்கு உண்மையான மருந்து, பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஒரே அணியாக இறங்குவது. பல மாநிலங்களில் அதற்கு விதி இருக்கிறது.

## 13 பிரிவு

பென்சில்வேனியா இங்கே இருக்கிறது. அந்த மாநிலம் தேசிய விதி மாறுவதற்கு முன்பே 13-க்கு வந்துவிட்டது.

இந்த அட்டவணையின் பலம், இலகுப் பகுதியில் கை வைக்காதது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் முதல் அணிக்கு வரும் வாசல் அந்த ஆறு பிரிவுகள்தான். விலையைக் கொடுப்பது 165-லிருந்து 185 வரை உள்ளவர்கள். 160-லிருந்து 172 என்பது 12 பவுண்டு, அங்கிருந்து 189 என்பது 17. 176 பவுண்டில் நிற்கும் பையன் 172-க்கு இறங்கப் பார்ப்பான், இல்லையென்றால் 189-ல் தன்னைவிட 13 பவுண்டு கூடியவனோடு மோதுவான். அமெரிக்கக் கால்பந்தும் ஆடும் பையன்கள் அதிகம் இருக்கும் எடை இது. உங்கள் மாநிலத்தில் இங்கே கூட்டம் இருந்தால் 13 வலிக்கும்.

ஒற்றைப்படை என்பதால் ஒரு சிறு நன்மை. ஆட்டங்கள் 7-7 என்று முடிய வழியில்லை. புள்ளி சமமாக முடிந்தால் அதை உடைக்கும் விதிகளில், யார் அதிக ஆட்டம் வென்றார்கள் என்பதும் ஒன்று. இரு பக்கமும் ஆள் இல்லாத பிரிவு ஒன்று வந்துவிட்டால் இந்த நன்மையும் போச்சு.

## 12 பிரிவு

பள்ளிகள் சின்னதாக, தூரம் அதிகமாக, ஓர் அணிக்கு ஏழெட்டுப் பேர்தான் என்ற நிலை மாநிலம் முழுக்க இருந்தால் 12 பொருத்தம். அங்கே பெஞ்சில் உட்காரவைக்க ஆளே இல்லை. நடக்கும் ஆட்டங்களின் விகிதம் கூடும், டூயல் மீட் பார்க்கிற மாதிரி இருக்கும். வேறு எங்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

நியூயார்க் செய்த வேலை இங்கே குறிப்பிடத்தக்கது. அவர்கள் 12 அட்டவணையை எடுத்து அதன் அடியில் 101 என்று ஒரு பிரிவைச் சேர்த்து 13 ஆக்கிக்கொண்டார்கள். அங்கே ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்களும் தேர்வு பெற்றால் உயர்நிலைப் பள்ளி முதல் அணியில் ஆடலாம். அதனால் 95, 100 பவுண்டுப் பையன்கள் நிறைய. ஆள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து வெட்டித் தைத்த சட்டை அது.

| அளவுகோல் | 14 | 13 | 12 |
|---|---|---|---|
| மேற்சொன்ன 11 பேர் அணியில் ஆடுவோர் | 11 | 11 | 10 |
| அதே அணியின் காலி இடம் | 3 | 2 | 2 |
| 190 வரை மிகப் பெரிய இடைவெளி | 15 பவுண்டு | 17 பவுண்டு | 20 பவுண்டு |
| 16 பேர் மாநிலப் போட்டியில் மொத்த இடம் | 224 | 208 | 192 |
| யாருக்கு வலிக்கும் | சிறு பள்ளி | 165–185 பையன்கள் | அவர்களோடு 140-க்குக் கீழ் உள்ளவர்களும் |

## எடை குறைக்கும் ஆசை

பிரிவு அதிகமிருந்தால் எடை குறைப்பது குறையும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் இன்று அதைத் தடுப்பது அட்டவணையைவிட எடைச் சான்றிதழ் முறைதான். 1997 கடைசியில் ஒரே பருவத்தில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அவசர எடைக் குறைப்பில் இறந்தபின் விதிகள் இறுகின; 2006-07-ல் இருந்து பள்ளிகளிலும் கட்டாயமானது. பருவத் தொடக்கத்தில், உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர்ச் சோதனை, அடர்த்தி எண் 1.025-க்கு மேல் போகக் கூடாது. பிறகு உடல் கொழுப்பு அளவு. ஆண்களுக்கு 7%, பெண்களுக்கு 12% கொழுப்புக்குக் கீழே போகும் எடைக்கு இறங்க அனுமதி இல்லை. இறங்குவதும் வாரத்துக்கு உடல் எடையில் 1.5% வரைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 பவுண்டு பையன், கொழுப்பு 12%. கொழுப்பில்லாத உடல் 132 பவுண்டு. அதை 0.93-ஆல் வகுத்தால் 141.9, இதுதான் அவனுடைய தரை. 138-க்குக் கனவில்கூட இறங்க முடியாது, 14 பிரிவில் 144-ம் மற்ற இரண்டில் 145-ம் எட்டும். அதே பையனுக்குக் கொழுப்பு 10% என்றால் தரை 145.2. இப்போது 145 மூடிவிட்டது, கால் பவுண்டில். 12-லும் 13-லும் 152-ல் ஆடுவான், 14-ல் 150-ல் தன் எடையிலேயே நிற்பான்.

எடைமேடையில் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மனதில் 2024 பாரிஸில் வினேஷ் போகத் 50 கிலோவில் 100 கிராம் கூடி வெளியேற்றப்பட்டதுதான் இருக்கும். பள்ளி டூயல் மீட்டில் அவ்வளவு கொடுமை இல்லை. 106 தவறினால் 113-ல் இறங்கலாம், அங்கே ஆள் இல்லாமல் இருந்தால். பிரிவு குறைவான அட்டவணையில் அந்த மேல்படியில் ஏற்கெனவே ஒருவன் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம்.

## எல்லை தாண்டும்போது

13 அட்டவணையின் இலகுப் பிரிவுகள் எல்லாமே 14-ஐவிடச் சரியாக ஒரு பவுண்டு கூடுதல். பென்சில்வேனியாவில் 133-க்கு விளிம்பில் நிற்கும் பையன் ஒஹையோவில் நடக்கும் போட்டிக்குப் போனால் 132-க்கு ஒரு பவுண்டு இறங்க வேண்டும், அல்லது 138-க்கு ஏற வேண்டும். அவனுடைய சான்றிதழ்த் தரை 132.4 என்றால் இறங்கும் வழியும் அடைபட்டது. மறுபக்கம், நியூஜெர்சியில் 165-ல் ஆடுபவன் 13 அட்டவணைப் போட்டிக்குப் போனால் 172 பவுண்டு ஆட்களோடு மோதுவான். 7 பவுண்டு இழப்பு. பயிற்சியாளர்கள் போட்டி அழைப்பை ஏற்கும்போது கவனிக்க வேண்டியது நுழைவுக் கட்டணத்தை மட்டும் இல்லை.

## நேரமும் பணமும்

ஓர் ஆட்டம் மூன்று சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம். 14 ஆட்டமும் முழுதாக நடந்தால் 84 நிமிடம், 12 என்றால் 72. பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று கணக்குக் காட்டுவார்கள். ஆனால் ஃபோர்ஃபிட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது: பையன் நடுவில் வந்து நிற்பான், நடுவர் கையைத் தூக்குவார், முடிந்தது. ஏற்கெனவே காலியாக இருக்கும் பிரிவை எடுத்தால் நேரம் மிச்சமாவதில்லை. மாநிலப் போட்டியில்தான் உண்மையான மிச்சம்: 16 பேர் இறங்கி ஆறாம் இடம் வரை முடிவு செய்யும் ஒரு பிரிவுக்கு 29 ஆட்டம், இரண்டு பிரிவை எடுத்தால் 58. அரை நாள் மிச்சமாகலாம்; அதற்கு விலை 32 பையன்களின் இடம்.

## பெண்கள் அட்டவணை

பெண்களுக்கும் மூன்று அட்டவணைகள் உண்டு, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். 14-ல் 100-லிருந்து 145 வரை ஐந்து ஐந்து பவுண்டாகப் பத்துப் பிரிவு, பிறகு 155, 170, 190, 235. 12-ல் 100, 107, 114, 120, 126, 132, 138, 145, 152, 165, 185, 235. 1998-ல் ஹவாய் முதன்முதலாகப் பெண்களுக்கு மாநிலப் போட்டி நடத்தியபோது இருந்த நிலை வேறு. 2023-24-ல் 64,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பள்ளி மல்யுத்தத்தில் இருந்தார்கள். ஆனாலும் பல பள்ளிகளில் இன்னும் மூன்று, நான்கு பேர்தான். அவர்கள் டூயல் மீட்டைவிடத் தனிநபர் போட்டிகளில்தான் அதிகம் ஆடுகிறார்கள். அங்கே ஃபோர்ஃபிட் என்ற பேச்சே இல்லாததால் 14 பிரிவுக்குச் செலவு குறைவு. எதிர்ப்பு ஒன்றுதான்: ஒரு பிரிவில் நான்கே பேர் நின்றால் பதக்கம் மலிந்துவிடும். ஆண்களுக்கு 13 எடுத்த மாநிலம் பெண்களுக்கும் அதையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யோசிக்காமல் இரண்டையும் ஒன்றாக வாக்குக்கு விடுவதுதான் நடக்கும் தவறு.

## வாக்களிக்கும் முன்

போன பருவத்தின் டூயல் மீட் எடைத் தாள்களை எடுத்து எண்ணத் தொடங்காதீர்கள். அந்த எடைகள் பழைய அட்டவணைக்காகவே இறக்கப்பட்டவை. எல்லாப் பையன்களும் 138-க்கும் 144-க்கும் அரை பவுண்டு கீழே கொத்தாக நிற்பார்கள், பழைய அட்டவணைதான் சரி என்று உங்களுக்கே தோன்றும். பருவத் தொடக்கத்தில், எடை குறைக்கும் முன் எடுத்த ஆல்ஃபா எடைகளை மாநிலச் சங்கத்திடம் பெயரில்லாமல் கேளுங்கள். கூடவே ஒவ்வொருவரின் தரை எடையும் வேண்டும்.

சிறிய பள்ளிகளையும் பெரிய பள்ளிகளையும் தனித்தனியாகப் பிரித்து, மேலே செய்தது போல மூன்று அட்டவணையிலும் அடுக்கிப் பாருங்கள். எண்ண வேண்டியவை இரண்டு: காலி இடம் எத்தனை, பெஞ்சில் எத்தனை. முதல் எண்ணை மட்டும் கூட்டத்துக்குக் கொண்டுவருபவரிடம் இரண்டாவதைக் கேளுங்கள். 160–190 பகுதியில் பெஞ்ச் நிறைந்தால் 14-ல் இருங்கள். அங்கே காலியாகி, 140-க்குக் கீழே பெஞ்ச் நிறைந்தால் 13. இரண்டு இடத்திலும் காலி என்றால்தான் 12. முடிவு எடுத்த பிறகு பருவம் தொடங்கக் குறைந்தது ஆறு மாதமாவது இருக்கட்டும். 150-லிருந்து 138-க்கு இறங்கச் சான்றிதழ் இருக்கும் பையனுக்குக்கூட வாரம் 1.5% கணக்கில் ஐந்தரை வாரம் பிடிக்கும். கோடையில் எந்த எடைக்கு வளர்வது என்று முடிவு செய்பவனுக்கு அட்டவணை அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.